விறாந்தையில் ஒரு சைப்பிரஸ்

கிறிஸ்மஸுக்கு வைக்கிற நத்தார் மரம் வாங்குவதற்கென்றே பண்டாரவளைக்குப் பஸ் ஏறிய முதலாவது கல்முனை முஸ்லிம் நானாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு விடிய சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று தொழுதவர் "என்ன, பேக்கும் கையுமா எங்க பயணம்?" என்று கேட்டார். மரக்கன்று வாங்கப் போகிறேன் என்றேன். "தென்னங்கண்டா?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "இல்ல, நத்தார் மரம்" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

மரம் எனக்கில்லை, என் கூட்டாளிக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர்கள். அவன் தமிழன், வேதக்காரன். அவன் வீடு சேர்ச்சுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில். மனைவி இறந்து எட்டு வருடம். ஒரே மகள், மெல்பர்னில் கணவனோடும் பிள்ளைகளோடும் இருக்கிறாள். பென்சனுக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் தனியேதான் இருந்தான். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவனுடைய விறாந்தைக்குப் போவேன். பொழுது பட்டு மகரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருப்பேன். சீனி போடாத பிளேன்டீ, இரண்டு பிஸ்கட், எங்களை ஆட்டிப் படைத்த பழைய அதிகாரிகளைப் பற்றிய புறணி. ஒரு நாளில் நான் வாய் திறந்து கதைப்பதே அந்த நேரத்தில்தான்.

இதைச் சொன்னால் என் மூத்த மகளை ஆட்கள் பிழையாக நினைப்பார்கள். அவளில் பிழையில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். பிறகு மகளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டி அவளுக்கு எழுதிக் கொடுப்பான், அங்கே மாப்பிள்ளை வருவார். நானும் அப்படித்தான். மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்த வீட்டில் இருந்தேன். அதை இளையவளுக்கு எழுதினோம். மூத்தவளுக்கு நான் கட்டிய வீட்டின் முன்னறைக்கு நானும் மனைவியும் வந்தோம். மனைவி இருக்கும் வரைக்கும் அது எங்கள் வீடு போலத்தான் இருந்தது. அவள் மௌத்தாகி மூன்று வருடம். இப்போது மருமகனின் கூட்டாளிமார் வந்தால் நான் எழும்பி அறைக்குள் போய்விடுவேன். யாரும் போகச் சொல்வதில்லை, நானாகத்தான் போவேன். "வாப்பா சாப்பிட்டீங்களா?", "வாப்பா குளிசை போட்டீங்களா?" இவ்வளவுதான் கதை. எங்களூர் ஆம்பிளைக்குச் சொந்தம் சாரனும் செருப்பும்தான் என்று கூட்டாளி பகிடி விடுவான். அவன் இருந்த வீடும் மகளின் பெயரில்தான், ஆனால் அதை ஞாபகப்படுத்தினால் அவனுக்குக் கோபம் வரும்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடியே சொன்னான்.

"மகள் வாறாளாம் மச்சான். நத்தாருக்கு. எல்லாரும்."

ஏழு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். அவன் முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு வருடமாக அவள் போனில் "அப்பா, தனிய இருந்தது போதும், இஞ்ச வாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முழங்காலைச் சாட்டுவான், குளிரைச் சாட்டுவான், அங்கே நல்ல மீன் கிடைக்காது என்பான். போனில் அந்தச் சாட்டெல்லாம் செல்லும். நேரில் வந்து பார்த்தால்? சுவரில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது. குசினியில் எறும்பு. இவன் கொலர் கிழிந்த சேட்டோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறான். எந்த மகள் விட்டுவைப்பாள்? கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவன் போனால் எனக்கு யார் என்றுதான் நான் யோசித்தேன். அவனுக்கு எது நல்லது என்று யோசிக்கவில்லை. ஒளிப்பதில் பிரயோசனமில்லை, அதுதான் உண்மை.

வழக்கமாக அவன் கடற்கரையில் ஒரு சவுக்குக் கொப்பை வெட்டி, மண் நிரப்பிய வாளியில் நட்டு, பஞ்சைப் பிய்த்து ஒட்டி நத்தார் மரம் என்று வைப்பான். இந்த முறை அது செல்லாதாம். பேத்தி போனில் சட்டம் போட்டிருக்கிறாள். எட்டு வயது.

"வெட்டின மரம் வேணாமாம். பாவமாம். வேரோட, உண்மையான மரம் வேணுமாம். கல்முனையில எங்க போற? பிளாஸ்டிக்தான் எண்டு சொல்லப்போறன்."

"சொல்லாத" என்றேன். "நான் கொண்டு வாறன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். எனக்குள் அதற்குள் திட்டம் ஓடிவிட்டது. சுவருக்குப் பெயின்ட் அடிப்போம், குசினியைக் கழுவுவோம், விறாந்தையில் ஒரு மரம் பச்சைப் பசேலென்று நிற்கட்டும். மகள் படலையைத் திறந்ததும் அது கண்ணில் பட வேண்டும். மரத்தை இவ்வளவு நன்றாக வைத்திருக்கிற மனிசன் தன்னையும் பார்த்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். அவள் நத்தாரைக் கொண்டாடிவிட்டு நிம்மதியாகப் போக வேண்டும், அவன் இங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் நான் டிசம்பர் மழையில் மலை ஏறினேன்.

பண்டாரவளையில் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ரோட்டோரமாக மரக்கன்று விற்கிற ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும், ஸ்வெட்டருக்கு மேல் பழைய கோட் ஒன்று. வெட்டிய சைப்பிரஸ் மரங்களைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். பூச்சாடியில் வேரோடு நின்றவை நாலைந்துதான். நான் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மாடு பார்க்கிறவன்கூட அவ்வளவு பார்க்கமாட்டான். கடைசியில் என் நெஞ்சளவு உயரத்தில், அடியில் அகன்று மேலே கூர்ந்த ஒன்றைப் பிடித்தேன். கையில் தேய்த்தால் எலுமிச்சையும் சாம்பிராணியும் கலந்தது போல ஒரு வாசம்.

"எந்த ஊருங்க ஐயா?" என்று கேட்டார். சொன்னேன்.

"கடல் பக்கமா? அங்க சூடு தாங்காதுங்களே. சரி, பாத்து வச்சா இருக்கும். ரொம்ப தண்ணி ஊத்தாதீங்க. மண்ணுல வெரல விட்டுப் பாருங்க, ரெண்டு கணு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

தலையை ஆட்டினேன். மனதுக்குள் சிரிப்பு. என் வாப்பாவுக்கு சாகாமத்தில் வயல் இருந்தது. பன்னிரண்டு வயதில் மண்வெட்டி பிடித்தவன் நான். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒரு மலைநாட்டுப் பெண்பிள்ளை பாடம் எடுப்பதா? அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த புத்தியான காரியம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மரத்தைக் கடைசி சீட்டில் என் பக்கத்தில் இருத்தி, சீட் கம்பியோடு கயிற்றால் கட்டினேன். கண்டக்டர் அதற்கும் டிக்கட் போட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது, பிறகு அதுவும் நல்லதற்குத்தான் என்று பட்டது. டிக்கட் எடுத்த மரத்தை யாரும் எழும்பச் சொல்ல முடியாது. மொனராகலை வரைக்கும் ஒரு சிங்களப் பெண் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி மரத்தை மோந்து பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் தேநீர்க் கடையில் மறுநாளே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது, நத்தார் காக்கா. எங்களில் அண்ணனைக் காக்கா என்போம். மருமகனின் காதிலும் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் இருப்பதுதான் அவருடைய மரியாதை.

கூட்டாளியின் விறாந்தை சிவப்புச் சீமெந்து போட்டு மெழுகியது. அவன் மனைவி இருந்த காலத்து மினுக்கம் இன்னும் இருக்கிறது. பூச்சாடியை வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் அடியிலுள்ள ஓட்டையால் சேற்றுத் தண்ணீர் ஓடி அந்தச் சிவப்பில் கோடு போட்டது. அவன் பதறிப்போனான்.

"மச்சான், நிலம் கறுக்குது. அவ இருந்தா என்னைக் கொன்றிருப்பா."

"பொறு" என்றேன். "இது என்ன பெரிய வேலையா?"

வயலில் வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாயை வக்கடை என்போம். திறந்தால் தண்ணீர் போகும், அடைத்தால் நிற்கும். சேறு எடுத்துக் காலால் மிதித்து அடைக்க வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். கிணற்றடியிலிருந்து களிமண் எடுத்து, பிசைந்து, பூச்சாடியின் ஓட்டையை உள்ளுக்கும் வெளிக்குமாக அடைத்தேன். பிறகு தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மண்ணுக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் தெளிந்து நின்றது. வேளாண்மைக்கு அந்த அளவு நின்றால் கண்ணுக்கே குளிர்ச்சி. நாங்கள் இரண்டு பேரும் கதிரையைப் போட்டு உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்து ரசித்தோம்.

அதோடு விட்டோமா? நான் பின்னேரத்தில் ஒரு செம்பு ஊற்றுவேன். அவன் காலையில், நான் இல்லாத நேரத்தில், தன் பங்குக்கு ஒரு செம்பு ஊற்றியிருக்கிறான், என்னிடம் சொல்லாமல். மலைநாட்டு மரத்துக்குக் குளிர் வேண்டும் என்று பகலில் மேசை விசிறியை வேறு திருப்பி வைத்தான். தனக்கு ஒரு நாளும் போட்டதில்லை. அவனுக்கும் மரத்தில் ஆசை வந்துவிட்டது. "இண்டைக்கு நல்லாக் கதைக்குது" என்பான். விசிறிக் காற்றில் கொப்பு ஆடுவதைத்தான் சொல்கிறான். அந்த நாட்களில் எங்களுக்குப் பழைய அதிகாரிகளின் புறணி தேவைப்படவில்லை. மரத்தைப் பற்றிக் கதைக்கவே நேரம் போதவில்லை.

ஒன்பதாம் நாள் அடிக் கொப்புகளின் உள்பக்கம் மஞ்சளாகியிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. பூச்சாடிக்குள் குனிந்து மோந்து பார்த்தேன். தேங்கிய குட்டையின் நாற்றம். மகள் வருவதற்கு இன்னும் எட்டு நாள். காய்ந்துபோன மரத்தோடு விறாந்தையில் இருக்கிற கிழவனை அவள் பார்த்தால் அவன் கதை முடிந்தது, என் கதையும் முடிந்தது. பண்டாரவளைப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன்.

"எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

சொன்னேன். ஓட்டையை அடைத்ததையும் சொன்னேன்.

"ஐயா, அது நெல்லு இல்லீங்க" என்றார். "வேரு மூச்சு விடணும். மொதல்ல ஓட்டைய தொறங்க. செங்கல்லு மேல தூக்கி வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தாதீங்க."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு களிமண்ணைக் குத்தி எடுத்தேன். கறுத்த தண்ணீர் குபுகுபுவென்று வந்து அந்தச் சிவப்பு நிலம் முழுக்கப் பரவியது. இந்த முறை அவன் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தப்புமா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். முழங்கால் வலியோடு குனிந்து அவனே துடைத்தான். நான் துணியைப் பறித்து வாங்கினேன்.

அடுத்த எட்டு நாளும் நான் காலையிலும் போனேன். அவனுடைய செம்பைப் பறித்து உயரத்தில் வைத்தேன். மண்ணில் விரல் விட்டுப் பார்ப்பேன், ஈரம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான விவசாயம் வேறில்லை. கடல் காற்றில் உப்பு வந்து இலையில் படிகிறதென்று அந்தப் பெண் சொன்னதால், ஈரத் துணியால் கொப்புக் கொப்பாகத் துடைத்தேன். வெயில் வந்தால் மரத்தை முற்றத்துக்கு இழுப்பேன், தூறல் விழுந்தால் விறாந்தைக்கு இழுப்பேன். மஞ்சளாகியதையெல்லாம் கிள்ளி எறிந்தேன். மிச்சம் பிடித்துக்கொண்டது. மகள் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன், நுனிகளில் வெளிர்ப் பச்சையாகப் புதுத் துளிர் தெரிந்தது. அவன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு என் தோளில் ஒரு அடி போட்டான்.

அவர்கள் வந்த பிறகு நான் போகவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளைகள், நடுவில் நான் போய் உட்காருவது சரியில்லை. அஸருக்கும் மகரிபுக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அந்த நாலு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. கடற்கரைக்குப் போனேன். மாரிக் கடல், தோணி ஒன்றும் இறங்கவில்லை, மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் என் மகள் "வாப்பா, நீங்க இப்ப கூட்டாளி வீட்டுக்குப் போறல்லியா?" என்று கேட்டாள். ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றேன். அவள் கொஞ்சம் நின்றாள், ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அடுப்பில் எதுவோ கருகுகிற வாசம் வர உள்ளே ஓடிவிட்டாள்.

நத்தாரன்று பத்து மணிபோல, என் மகள் செய்து தந்த வட்டிலப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். படலையைத் திறந்ததும் மரம்தான் கண்ணில் பட்டது. நான் நினைத்ததைவிட அழகு. பேத்தி கடதாசியில் வெட்டிய மீன்களையும் வெள்ளிச் சரிகைகளையும் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே ஆட்களின் சத்தம், கேக் வாசம். அவன் புதுச் சேட் போட்டு, கதிரையில் ராசா மாதிரி இருந்தான். எனக்குச் சந்தோசமாக இருந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அவன் மகள் எனக்குக் கேக் கொண்டுவந்து தந்து, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் எங்கள் கந்தோருக்கு வந்து முத்திரை குத்தி விளையாடியவள். தாயின் முகம் அப்படியே வந்திருக்கிறது.

"அங்கிள், மரம் எவ்வளவு வடிவா இரிக்கி. இந்தச் சூட்டில எப்பிடி இவ்வளவு நல்லா வெச்சிருந்தீங்க?"

கேட்டாளே, அவ்வளவுதான். தவளை தன் வாயால் கெடும். எத்தனையோ நாளாக என்னிடம் யாரும் அப்படிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து எதையும் கேட்டதில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. பண்டாரவளைப் பயணத்திலிருந்து தொடங்கினேன். ஓட்டையை அடைத்தது, அவன் களவாகத் தண்ணீர் ஊற்றியது, விசிறி, எல்லாம். அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் சொன்னேன்.

"உங்கட அப்பாக்கு ஒரு செம்பு தூக்க ஏலா மகள், கை நடுங்கும். நான்தான் ரெண்டு நேரமும் வந்து பாக்கிற. மரம் மட்டுமா? குளிசையெல்லாம் நாள் பாத்துப் பெட்டியில போட்டு வெக்கிறதும் நான்தான். மறந்துபோட்டு ரெண்டு தரம் குடிச்சிருவான். போன மாசம் கேஸ் அடுப்பைத் திறந்து போட்டுட்டு நித்திரை. நல்ல காலம், நான் வந்த. பேங்குக்கும் நான்தான் கூட்டிப் போற."

அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. எவ்வளவு நல்ல கூட்டாளி என்று காட்டுவதிலேயே குறியாக இருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"பெரிய உபகாரம் அங்கிள். நான் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தன். அப்பா தனக்கு ஒண்டும் இல்ல, தனிய எல்லாம் செய்வன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். வீடும் நல்லா இருந்திச்சு, மரமும் நல்லா இருந்திச்சு. இருக்கட்டும் எண்டுதான் நினைச்சன். உங்களைக் கேட்டுப்போட்டு முடிவெடுப்பம் எண்டு இருந்த நான்."

கேக் தட்டைக் கீழே வைத்தேன்.

"இல்ல மகள்" என்றேன். "அவன் சமாளிப்பான். நான் கொஞ்சம் கூட்டித்தான் சொன்ன. நானிரிக்கன்தானே."

"நீங்க எவ்வளவு நாளைக்கு அங்கிள்? உங்களுக்கும் வயசு போகுதுதானே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அவனைப் பார்த்தேன். கேட்டிருக்கிறான். கேஸ் அடுப்பின் கதையை மகளுக்குச் சொல்லவேண்டாமென்று போன மாதம் என்னிடம் கெஞ்சியவன். என்னை ஏசுவான் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வட்டிலப்பத்தை வெட்டிப் பேத்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். பிளேன்டீ குடிக்காமலே எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் என் வாயை நானே திட்டினேன். பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்லியும் கடற்கரையில்தான் நின்றேன்.

ஜனவரி பாதியில் விசா விஷயமெல்லாம் சரியாகி, அவன் மகள் மட்டும் இன்னும் தங்கியிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். வான் வந்த காலையில் அவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, நாங்கள் அப்படிப் பழகியவர்களில்லை. விறாந்தையைக் காட்டி, "மரத்தைக் கொண்டு போ. விரலை விட்டுப் பாத்து ஊத்து" என்றான். நான் ஓம் என்றேன். வான் ஒழுங்கையைத் தாண்டும் வரைக்கும் நின்றேன். பிறகு மரத்தை ஓட்டோவில் ஏற்றினேன். வீடு விற்பனைக்கு என்று படலையில் அட்டை தொங்கியது.

என் மகள் மரத்தைப் பார்த்ததும் திகைத்தாள். மருமகன் அவளைப் பார்த்தார், அவள் என்னைப் பார்த்தாள். "வைங்க வாப்பா. ஆனா முன்னுக்கு வேணாம். ஆக்கள் ஒவ்வொண்டு கதைப்பாங்க. பின்னுக்குக் கிணத்தடியில வைங்களன்" என்றாள். அந்த வளவை வாங்கியவன் நான், கிணற்றைத் தோண்டியவன் நான். இருந்தாலும் எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். அவள் சொன்னதில் பிழையில்லை. பின்னுக்கு வைத்தேன். நிலத்தில் நடலாமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பூச்சாடியிலேயே நிற்கிறது. நான் ஸ்டூலைப் போட்டு அதற்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருப்பேன். அங்கே எனக்குத் தனிமை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. மரம் எவ்வளவு நல்லாக இருந்தாலும் பிளேன்டீ ஊற்றித் தராது, என் பகிடிக்குச் சிரிக்காது.

இப்போது கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து வருகிற வெக்கையில் எங்கள் மா இலைகளே சுருள்கின்றன. மரம் நுனியிலிருந்து காய்கிறது. இந்த முறை நான் ஒரு பிழையும் செய்யவில்லை. பண்டாரவளைப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். "பாவம் ஐயா, அதுக்கு அந்த ஊர் ஒத்துக்காது" என்றார்.

அவன் கிழமைக்கு ஒரு தரம், இங்கே காலை பத்து மணியாகும்போது வாட்ஸ்அப்பில் எடுப்பான். அங்கே பின்னேரம், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பார்கள். போன கிழமை எடுத்தபோது கம்பளிச் சட்டையும் காதை மூடிய தொப்பியுமாக இருந்தான். வழக்கம் போல் மரம் எப்படி என்று கேட்டான். சாகிறது என்று சொன்னேன். நாலு மாதமாக மனதுக்குள் கிடந்ததை அன்றைக்குக் கக்கிவிட்டேன்.

"அண்டைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தா நீ இப்ப விறாந்தையில இரிப்பாய்."

"ஓம்" என்றான்.

இல்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தேன். நீ சொன்னதெல்லாம் உண்மைதானே, எப்படியும் ஒரு நாள் வரத்தான் வேண்டும் என்று எதையாவது சொல்வான் என்று. அவன் அப்படிப் பொய் சொல்கிற ஆளில்லை. இருபத்தாறு வருடமும் பிழை என்றால் பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னவன். அவனுக்குப் பின்னால் அந்த வீட்டின் பெரிய கண்ணாடி யன்னல் தெரிந்தது, வெளியே ஆளில்லாத தெரு.

"இண்டைக்கு ஆரோட கதைச்ச?" என்று கேட்டான்.

மகளோடு, மருமகனோடு, பள்ளியில் நாலு பேரோடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை.

"இப்பதான்" என்றேன். "உன்னோட."

"நானும்" என்றான்.

அதற்குப் பிறகு சொல்ல இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை. ஆனாலும் நானும் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.